“சகநித்தியர்” என்னும் சொல்



பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து மூவரும் சகநித்தியர் என்பது நம் விசுவாசம். இச்சொல்லின் பொருள் என்ன?

இலத்தீனில் இது ‘கோஏத்தெர்னுஸ்’. ‘கோ’ என்றால் கூட. ‘ஏத்தெர்னுஸ்’ என்றால் நித்தியமான. அர்ச். அத்தனாசியார் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணத்தில் இச்சொல் வருகிறது. ஆனால் அப்பிரமாணம் அவர் எழுதியதல்ல. அவர் காலத்துக்குப்பின் இலத்தீனில் இயற்றப்பட்டது.

நம் மொழியில் ‘சக’ என்பதும் ‘கூட’ என்றே பொருள்படும். சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். ‘நித்தியம்’, ‘சகோதரன்’ இரண்டும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்குபவை. ஆகவே ஓசூர் ஆலையில் நம் பக்கத்து மெஷினில் நிற்பவருக்கும் இதை எளிதில் விளக்கலாம்.

இனி ஒரு கேள்வி. தகப்பன் முந்தியும் மகன் பிந்தியும் அல்லவா? அலெக்சாந்திரியாவில் குருவாயிருந்த ஆரியுஸ் இப்படித்தான் வாதித்தான். சுதன் இல்லாதிருந்த நிலை உண்டு என்றான். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அதைத் தள்ளியது. சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது.

அர்ச். அகுஸ்தீனார் சொன்ன உவமையைக் கேளுங்கள். தீயிலிருந்து வெளிச்சம் பிறக்கிறது. ஆனால் தீ மூத்தது, வெளிச்சம் இளையது எனலாமோ? தீ பற்றிய கணமே வெளிச்சமும் உண்டு. தீ அனாதியாயிருந்தால் அதன் வெளிச்சமும் அனாதியாயிருக்கும். மேலும், ஒரு மனிதன் தன் மகனுக்கு மூத்தவனே. ஆனால் ‘தகப்பன்’ என்ற பெயர் மகனுக்கு மூத்ததல்ல. என்றும் பிதாவாயிருப்பவருக்கு என்றும் சுதன் உண்டு.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி என்று போதிக்கிறது. நமது வேதமோ சர்வேசுரன் ஒருவரே அனாதி என்கிறது. நம் ஆத்துமத்துக்கு முடிவில்லை. ஆனால் துவக்கம் உண்டு. ஆகையால் நாம் சகநித்தியர் அல்ல. நித்திய சீவியம் நமக்கு இனாமாகக் கிடைப்பது.

இது பண்டிதர்களின் வெறும் சொற்போர் என்று எண்ணவேண்டாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சேசுநாதர் ஒருநாள் உண்டாக்கப்பட்டவரானால், நம் மரித்தோருக்கு வாக்களித்த நித்திய சீவியத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? கல்லறையண்டை நிற்கும் தாய்க்கு நமது நம்பிக்கையின் அஸ்திவாரம் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஆகையால் சிலுவை அடையாளம் வரையும்போது அவசரப்படாதிருங்கள். அந்த மூன்று நாமங்களில் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.