பழுதுற்ற வன்தட்டிலிருந்து கணக்குகளை மீட்டல்

மணவாள நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திரூரில், 1904-ஆம் ஆண்டில், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், ஒரு கடன் சங்கம் பதிவாயிற்று. இந்நாட்டின் முதற் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அது போற்றப்படுகிறது. அன்று தொட்டு ஒவ்வொரு சங்கத்தின் நாணயமும் இரண்டு பொருள்களைப் பற்றி நிற்கிறது. ஒன்று அங்கத்தினரின் நம்பிக்கை. மற்றொன்று அந்நம்பிக்கைக்குச் சான்றாகிய கணக்கு.

அக்கணக்கு இன்று காகிதத்தை விட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டியல், சேமிப்புப் பிடித்தம் ஆகியன கணினியில் ஏறி வருகின்றன. அவற்றை ‘ஹார்ட் டிஸ்க்’ என்று யாவரும் வழங்கும் வெளி வன்தட்டில் ஏற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் வழக்கமாகியுள்ளது. அத்தட்டு ஒருநாள் திறக்க மறுத்தால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

வன்தட்டின் அமைப்பு

சுழலும் வகையைச் சேர்ந்த வன்தட்டின் பெட்டிக்குள், காந்தப் பூச்சுடைய அலுமினியத் தகடுகளோ கண்ணாடித் தகடுகளோ உள்ளன. சாதாரண வெளி வன்தட்டில் அவை நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல நுண்ணிய தலை ஒன்று, தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. ஒரு தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால், அவ்விடைவெளி எத்துணைச் சிறிதென்பது விளங்கும். ஒரு தூசி நுழைந்தாலும், மேசையிலிருந்து தட்டு விழுந்தாலும், தலை தகட்டில் உராயும். உராய்ந்த இடத்திலிருந்த எழுத்து மீளாது.

நோயை அறிதல்

பழுதுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை நான்காகப் பிரித்து அறியலாம்.

முதலாவது, கோப்பு தவறுதலாக அழிக்கப்படுதல். கோப்பை அழிக்கும்பொழுது பெரும்பாலும் அதன் பெயரும் இருப்பிடக் குறிப்புமே நீங்குகின்றன. உள்ளடக்கம் தகட்டிலேயே இருக்கிறது. புதிதாக வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில் அதை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே அக்கணமே அத்தட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். தகடு சுழலாத எஸ்.எஸ்.டி. வகையில், அழித்த இடத்தைச் சாதனமே துடைத்து விடக்கூடுமாதலால் இவ்வாய்ப்பு குறைவு.

இரண்டாவது, கம்பியின் குறை. தட்டு நலமாயிருக்க, இணைக்கும் கம்பியோ கணினியின் துளையோ கெட்டிருக்கலாம். வேறு கம்பியையும் வேறு கணினியையும் கொண்டு ஒருமுறை சோதித்தல் நலம்.

மூன்றாவது, தகட்டில் ஆங்காங்கே பழுதுற்ற பகுதிகள் தோன்றுதல். ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரமாவதும், படியெடுக்கையில் கணினி உறைந்து நிற்பதும் இதன் அறிகுறிகள்.

நான்காவது, இயந்திரப் பழுது. ‘டக், டக்’ என்ற ஒலியோ உரசும் ஒலியோ கேட்டால் தலை தன் நிலை தவறிற்று என்று கொள்ளலாம். உடனே மின்னிணைப்பை நீக்க வேண்டும். அது சுழலும் ஒவ்வொரு நிமிடமும் அங்கத்தினரின் கணக்கைச் சுரண்டும் நிமிடமாகக்கூடும்.

முதலில் படி, பின்னர் சிகிச்சை

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். நிறுத்தாமல் மிதித்தால் பக்கத்து இழைகளும் அறும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வன்தட்டிற்கும் இதுவே விதி. நோயுற்ற தட்டில் சிகிச்சை செய்யலாகாது. அதன் முழுப்படியை வேறொரு நல்ல தட்டில் எடுத்து, அப்படியில்தான் சிகிச்சை செய்ய வேண்டும்.

மேற்கூறிய மூன்றாம் வகைப் பழுதிற்கு, ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச மென்பொருள் உலகெங்கும் பயன்படுகிறது. அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் திரட்டுகிறது. பழுதுற்ற பகுதிகளைத் தாண்டிச் சென்று, இறுதியில் அவற்றிற்குத் திரும்புகிறது. எதுவரை படித்தது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படியெடுக்கும் தட்டு, பழைய தட்டைவிடக் கொள்ளளவில் குறையாதிருக்க வேண்டும். மூலம் எது, சேரிடம் எது என்பதை இருவர் சரிபார்த்த பின்னரே தொடங்க வேண்டும். மாற்றிக் குறித்தால் வெற்றுத் தட்டு நம் கணக்கின்மேல் எழுதப்பட்டு விடும். படி கிடைத்தபின், ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்களால் அதிலிருந்து கோப்புகளைத் தேடி எடுக்கலாம். எடுத்தவற்றை மூன்றாவதோர் இடத்தில் சேமிக்க வேண்டும்.

செய்யத் தகாதன

‘இத்தட்டை ஃபார்மட் செய்யலாமா?’ என்று கணினி கேட்டால் இசையலாகாது. பிழை திருத்தும் கட்டளைகளை மூலத் தட்டின்மேல் ஏவலாகாது. அவை தட்டில் எழுதுவன. பெட்டியைத் திறந்து பார்த்தல், தட்டித் தட்டி இயக்குதல், குளிர்ப்பெட்டியில் வைத்தல் ஆகியவை கேள்வியளவில் பரவிய தீய வைத்தியங்கள். குளிர்ந்த தட்டில் நீர் துளிர்த்து, எஞ்சியதையும் கெடுக்கும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளமும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாத மிக்ஜாம் புயலும் திருவள்ளூர் மாவட்டத்தார் மறவாதவை. நீரில் நனைந்த தட்டிற்கு மின்சாரம் கொடுக்கலாகாது. வெயிலில் காய வைக்கவும், அரிசியில் புதைக்கவும் வேண்டா. சேறு உலர்ந்து தகட்டில் ஒட்டாதபடி, அதை அப்படியே உறையிலிட்டு, தூசியற்ற அறையும் தேர்ந்த ஊழியரும் உள்ள மீட்பு நிலையத்திற்கு அனுப்புவதே முறை.

அத்தகைய நிலையங்களால் எவ்வளவு இயலும் என்பதற்கு ஒரு சான்றுண்டு. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் பயணம் செய்த கொலம்பியா விண்கலம் சிதறியது. பின்னர் டெக்சாஸ் மாநிலத்தில் கருகிக் கிடைத்த ஒரு வன்தட்டைத் தூய்மை செய்து, தகடுகளைப் புதிய பெட்டியில் அமைத்து, அதிலிருந்த ஆய்வுக் குறிப்புகளில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை வல்லுநர் மீட்டனர். ஆயினும் எல்லாத் தட்டுகளும் அவ்வாறு மீளும் என்று எண்ணுதல் பிழை. தகடே உராய்ந்து போயிருந்தால் எவராலும் இயலாது.

மீளாததை நிரப்புதல்

ஒரு விவசாயி தம் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் செலுத்தி முடித்தார் எனக் கொள்வோம். கடைசித் தவணையின் பதிவு மறைந்து போனால், சங்கத்தின் கண்ணுக்கு அவர் கடன்காரர். அடுத்த பருவத்திற்கு அவருக்குக் கடன் மறுக்கப்படும். ஒரு நெசவாளரின் சேமிப்புப் பிடித்தம் மறைந்தால், முதுமையில் அவர் கைக்கு வரவேண்டிய தொகை குறையும். தட்டு கெட்டது சங்கத்தின் குறை. அதன் சுமையை அங்கத்தினர் தலையில் வைத்தல் நீதியாகாது.

எனவே மீளாத பகுதியை வேறு சான்றுகளால் கட்டியெழுப்ப வேண்டும். அங்கத்தினரின் பாஸ் புத்தகம், ரசீதின் அடிக்கட்டை, கையொப்பமிட்ட கூலிப் பட்டியல், மத்தியக் கூட்டுறவு வங்கியின் கணக்கறிக்கை, முந்தைய தணிக்கை அறிக்கை ஆகியன இதற்குத் துணை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்தில் உடனுக்குடன் பதிவு பெற்றுப் பத்திரமாக வைப்பாராயின், அவரும் சங்கக் கணக்கின் ஒரு காவலரே ஆவார்.

வருமுன் காத்தல்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது உலகம் ஒப்பிய முறை. இரண்டு வெளி வன்தட்டுகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தலாம். பிரதி எடுத்தவுடன் தட்டைக் கழற்றிவிட வேண்டும்; 2017-ஆம் ஆண்டு மே மாதம் பரவிய ‘வான்னாக்ரை’ போன்ற தீய நிரல்கள், இணைந்திருக்கும் தட்டையும் பூட்டிவிட வல்லன. மாதம் ஒருமுறை, பிரதியிலிருந்து ஓர் அங்கத்தினர் கணக்கைத் திறந்து, அவர் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. திறந்து பாராத பிரதி, முளைக்குமா என்று சோதியாத விதைக்கு ஒப்பாகும்.

இப்பொறுப்பு காரியதரிசி ஒருவருடையதன்று. பிரதி எடுப்பவர் யார், சரிபார்ப்பவர் யார், தட்டு எங்கே இருக்கும் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். பொதுக்குழுவில் லாப நட்டத்தைக் கேட்கும் உரிமை அங்கத்தினருக்கு உண்டு. ‘நம் கணக்கின் இரண்டாம் பிரதி எங்கே?’ என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

ஆய்வு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கக் கணக்கிற்கு எத்தனை பிரதிகள் உள்ளன? அவை ஒரே அறையில் உள்ளனவா?

2. கடைசியாகப் பிரதியைத் திறந்து சோதித்த நாள் எது?

3. தட்டில் ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் அலுவலகத்தில் உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது யாது?

4. உங்கள் பாஸ் புத்தகத்தில் கடைசிப் பதிவு எந்த மாதத்தியது?