மூடி பொருந்தும் இடம்

முப்பது வருடமாக எவர்சில்வர் பாட்டிலுக்கும் பிளாஸ்க்குக்கும் மூடி வரைந்து வருகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பாட்டிலின் வளைவையும் வண்ணத்தையும் அழகாக வரைந்து எடுத்து வருகிறார்கள். என் கண் மட்டும் நேராக எவர்சில்வர் முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் இடத்துக்குத்தான் போகும். ஒழுகுவதும் இறுகுவதும் நாற்றம் பிடிப்பதும் விரிசல் விடுவதும் அங்கேதான். அந்த இடத்தைப் பற்றி உன்னிடம் சொல்லச் சில விஷயங்கள் உண்டு.

1. எதை எதற்காக வைக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள். நாம் பாட்டிலுக்கு எடுக்கும் 304 ரக எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். புளிப்புக்கும் அசையாது, கீழே விழுந்தாலும் நெளியுமே தவிர உடையாது. ஆனால் மூடிக்கு வரும் பாலிபுரோப்பிலீனோடு ஒப்பிட்டால் எழுபது, எண்பது மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் உதடும் விரலும் படுகிற இடத்தில் பிளாஸ்டிக் வேண்டும். இரட்டைச் சுவர் பிளாஸ்க்கில் இன்னொரு காரணமும் உண்டு. சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால், சூடு பெரும்பாலும் கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் வெளியேறும். எட்டு மணி நேரம் சூடு நிற்க வேண்டுமென்றால் மூடிக்குள்ளே காற்று இடைவெளி விட்டு வரை.

2. இரண்டும் ஒரே அளவில் விரியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்க காலத்தில் கழுத்துக்குள் இறங்குகிற உள்மூடி ஒன்று வரைந்தேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது. சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைக்குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வைத்திருந்தாராம். நடுராத்திரியில் மூடியைத் திறக்கவே முடியவில்லை. துணியைச் சுற்றித் திருகியும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வந்து திறந்து கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவின் கை சிவந்து வீங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் ஒரு வரைபடத்தையும் கணக்குப் போடாமல் அனுப்பியதில்லை.

கணக்கு இதுதான். 45 மி.மீ. விட்டம், 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி. எவர்சில்வர் கழுத்து விரிவது சுமார் 0.05 மி.மீ. பாலிபுரோப்பிலீன் விரிவது சுமார் 0.3 மி.மீ. உள்ளே இறங்கும் மூடியானால் இறுகும். வெளியே கவிழும் மூடியானால் தளரும், ஒழுகும். ஆகவே மரைக்கு இடைவெளி விடும்போது, உன் அறையின் சூட்டை விட்டுவிட்டு, உள்ளே ஊற்றப்போகும் காபியின் சூட்டை நினைத்துக்கொள். அதோடு, மேலே நிற்கும் காற்று ஆறினால் சுருங்கி மூடியை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றை விடுவிக்க ஒரு சின்ன பொத்தானோ துளையோ இல்லாமல் உள்மூடி வரையாதே.

3. மோல்டிங் மெஷினிலிருந்து விழுந்த மூடியைச் சூட்டோடு அளக்காதே. பாலிபுரோப்பிலீன் ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும், வெளியே வந்த பிறகும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கழித்து வெர்னியரை எடு.

4. ஒழுகாமல் தடுப்பது வாஷரின் வேலை. மரையை இறுக்கி இறுக்கித் தடுக்கப் பார்த்தால், பிளாஸ்டிக் நாளடைவில் அழுத்தத்துக்கு இடம் கொடுத்துவிடும். சிலிக்கோன் வாஷர்தான் நசுங்கி நசுங்கித் திரும்பி எழும்.

அதைவிட முக்கியம், அந்த வாஷர் கழற்ற வர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பாட்டில் ஒன்றை வாங்கி, வாஷரை ஊசியால் நெம்பி எடுத்துப் பார். அடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். தடவினால் வழவழவென்று வரும், மோரின் புளித்த வாடை அடிக்கும். வெளியே எவர்சில்வர் கண்ணாடி மாதிரி மின்னும். அம்மா தினமும் சபீனா பொடி போட்டுத் தேய்த்திருப்பார். அவர் விரல் எட்டாத இடத்தை வரைந்தது நாம்தான். அதனால் வாஷர் உட்காரும் பள்ளத்தை, விரல் நகத்துக்கு எட்டுகிற அகலத்தில், மூலை மழுங்கி இருக்கும்படி வை. வாஷரின் நிறத்தையும் மூடியின் நிறத்திலிருந்து வேறாகக் கொடு. கழுவிவிட்டுப் போட மறந்தால் பார்த்ததும் தெரிய வேண்டும்.

5. மூடிக்குள் உலோக வளையமோ தகடோ புதைத்தால், அதன் பிசிறை எடுத்து ஓரத்தை உருட்டிவிடு. பிளாஸ்டிக் அதைச் சுற்றிச் சுருங்கிப் பிடித்திருக்கும். கூரான மூலையில்தான் விரிசல் தொடங்கும், அதுவும் விற்ற பிறகு.

6. பானம் தொடுகிற பாகத்துக்கு மறுசுழற்சிக் குருணையைக் கலக்கச் சொல்லி யாராவது வந்தால், மறுத்துவிடு. உணவு தொடும் பாலிபுரோப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்குவதைச் சோதிக்க ஐ.எஸ். 9845 இருக்கிறது, கிலோவுக்கு 60 மில்லிகிராம்தான் வரம்பு. சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படி. கண்ணாடி போலத் தெரிகிறதே என்று பாலிகார்பனேட் பக்கம் போகாதே. அதிலிருக்கும் பிஸ்பீனால் ஏ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே அதைக் குழந்தைகளின் பால் பாட்டிலிலிருந்து விலக்கிவிட்டது.

7. ஒரு நாள் காயலான் கடையில் போய் நில். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் ஒட்டிய பாட்டில் வந்தால், அங்கிருக்கும் ஆள் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார். பிளாஸ்டிக் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எவர்சில்வருக்கு எடை போட்டுக் காசு உண்டு. சில்லுகளைப் பொறுக்க யாருக்கும் நேரமில்லை, சாக்கடைக்குப் போகும். பசை போடாமல், கொக்கியாலோ மரையாலோ பிடிக்கும்படி நீ வரைந்திருந்தால், மூடி கையாலேயே கழன்று, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணோடு முழுசாகப் பிளாஸ்டிக் மூட்டைக்குப் போயிருக்கும்.