கழற்றிப் பூட்டிய வீடு

செங்கற்சூளைகளால் பெயர்பெற்றது பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தபின் செங்கல்லுக்குத் தேவை பெருகியது.

1960களில், அதே நகரின் ஜாலான் பெகெலிலிங்கில் செங்கல் அடுக்காமலேயே வீடுகள் எழுந்தன. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் சுவர்களையும் தளங்களையும் பாரந்தூக்கியால் தூக்கிப் பொருத்தினர். டென்மார்க் நாட்டு முறையில் 17 மாடிகள் கொண்ட ஏழு கட்டடங்கள் உருவாயின. ஏறத்தாழ 3,000 மலிவு விலை வீடுகள் கிடைத்தன. வேகம் வியப்புக்குரியதுதான். ஆயினும், குளிர்நாட்டில் பிறந்த இத்தகைய தொடக்ககால முறைகள் நம் மழைக்கும், நாள்தோறும் நீரூற்றிக் கழுவும் குளியலறைக்கும் ஏற்றவையாக இல்லை. இணைப்புகளில் நீர்க்கசிவு பெருந்தொல்லையானது.

ஜாலான் ஸ்டோனரில் நிற்கும் பெங்ஹுலு அபு செமான் வீட்டின் கதையோ வேறு. அது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெடாவில் கட்டப்பட்ட மலாய் மரவீடு. மலாய்த் தச்சர்கள் தூணையும் உத்திரத்தையும் துளையில் செருகி, ஆப்பு அடித்து இணைப்பது வழக்கம். அதனால்தான் 1990களில் அவ்வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து மீண்டும் பூட்ட முடிந்தது. இத்தகைய வீட்டில் உயர்த்திய தரையின் அடியிலும் காற்று உலவும். நீண்ட இறவாரம் மழைச்சாரலைத் தடுக்கும். ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றும் இன்றைய சிறு வீடுகளுக்கும் தேவைப்படுபவை இவையே: எளிதில் கழலும் இணைப்பு, காற்று புகும் வழி, அகன்ற கூரை.