இரண்டாவது விருப்பம்

கணினித் திரையில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தை நிரப்ப அந்த மாணவிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவளுடைய அண்ணன் படித்த தொடக்கக் கல்லூரி அது. உயர்நிலை இரண்டில் படித்தபோதே தானும் அங்குதான் படிக்கவேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மற்றப் பதினொரு கட்டங்களிலும் தோழிகள் சொன்ன பெயர்களை ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தாள்.

பட்டியலைப் பார்த்த தமிழாசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இரண்டாவதாக எழுதியிருக்கும் கல்லூரியின் வாசலையாவது பார்த்திருக்கிறாயாம்மா?”

“இல்லை ஆசிரியர்.”

“பார்க்காத இடத்தை எப்படி விருப்பம் என்று எழுதினாய்?”

அவளிடம் பதில் இல்லை.

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு எழுதிய மாணவர்கள் ஜனவரி மாதத்தில் முடிவுகளைப் பெறுகிறார்கள். பிறகு, கூட்டு மாணவர் சேர்க்கையின்கீழ் விண்ணப்பிக்கிறார்கள். தொடக்கக் கல்லூரி, மில்லெனியா கல்வி நிலையம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல்தான். அதில் பன்னிரண்டு விருப்பங்கள் வரை எழுதலாம். சில நாள்களில் விண்ணப்பம் முடிந்துவிடும். அதன் பிறகு பிப்ரவரித் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டும். (சேர்க்கை விதிமுறைகள் அவ்வப்போது மாறும். உங்கள் ஆண்டுக்குரிய விதிமுறைகளைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த மாணவியின் புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். தொடக்கக் கல்லூரிக்கு ஆங்கிலத்துடன் மேலும் ஐந்து பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஏ1 பெற்றால் ஒரு புள்ளி, ஏ2 பெற்றால் இரண்டு புள்ளி என்று கூட்டுவார்கள். புள்ளி குறையக் குறைய நல்லது. அவளுக்கு மொத்தம் 12 புள்ளிகள். உயர்தமிழில் தேர்ச்சி பெற்றதற்காக 2 புள்ளிகளும் இணைப்பாட நடவடிக்கைக்காக 1 புள்ளியும் கழிந்து, 9 ஆயிற்று. அவள் விரும்பிய கல்லூரியின் முந்தைய ஆண்டு வெட்டுப்புள்ளியும் 9.

“அப்படியென்றால் எனக்கு இடம் உறுதிதானே, ஆசிரியர்?” என்று கேட்டாள்.

உறுதியில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வெட்டுப்புள்ளியைக் கல்லூரி முன்கூட்டியே தீர்மானித்து வாசலில் எழுதி வைப்பதில்லை. கல்லூரியில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்கள். அந்த இடங்கள் சிறந்த புள்ளி பெற்றவரிலிருந்து வரிசையாக நிரப்பப்படுகின்றன. கடைசி இடத்தைப் பெற்ற மாணவரின் புள்ளி எதுவோ, அதுவே அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி. எனவே, முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளி முந்தைய ஆண்டில் விண்ணப்பித்தவர்களைப் பற்றிய செய்தியாகும். இந்த ஆண்டு நன்றாகத் தேர்ச்சி பெற்ற இன்னும் சிலர் அதே கல்லூரியை விரும்பினால், எண் மாறிவிடும். நீங்கள் ஒரு புள்ளிகூட இழக்காமலே உங்கள் இடம் போய்விடலாம்.

டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் வாழ்வில் இப்படியொரு நிகழ்ச்சி உண்டு. ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் தன்வரலாற்று நூலில் அவரே அதைக் கூறியிருக்கிறார். விமானியாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. விமானப் பொறியியல் படித்து முடித்ததும் இந்திய விமானப்படைக்கு விண்ணப்பித்தார். டேராடூனில் நேர்காணல் நடந்தது. வந்திருந்தவர்கள் 25 பேர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள் 8 பேர். கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். மனம் உடைந்துபோன அவர் ரிஷிகேசத்துக்குச் சென்று, அங்கு ஆசிரமம் நடத்திய சுவாமி சிவானந்தரைச் சந்தித்து ஆறுதல் பெற்றார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள், “பின்னாளில் அவர் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார்” என்று முடிப்பது வழக்கம். அது உண்மைதான். ஆனால், இடம் கிடைக்காத எல்லாரும் குடியரசுத் தலைவர் ஆகப்போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. எட்டாவது இடத்தில் வந்தவருக்கும் ஒன்பதாவது இடத்தில் வந்தவருக்கும் திறமையில் எவ்வளவு வேறுபாடு இருந்திருக்க முடியும்? இன்னோர் இடம் இருந்திருந்தால் கலாம் விமானி ஆகியிருப்பார். அடுத்து, டேராடூனுக்குப் போகும் முன்பே அவர் டெல்லியில் தற்காப்பு அமைச்சின் நேர்காணலுக்கும் சென்றிருந்தார். ரிஷிகேசத்திலிருந்து டெல்லி திரும்பியபோது, அந்த வேலைக்கான நியமனக் கடிதம் அவருக்குக் கிடைத்தது.

நம் மாணவியிடம் திரும்புவோம். அன்று மாலை அவள் விண்ணப்பத்தை அனுப்பவில்லை. மறுநாள் தாயாரை அழைத்துக்கொண்டு, இரண்டாவதாக எழுதியிருந்த கல்லூரியின் பொது வரவேற்பு நாளுக்குச் சென்றாள். வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் ஆயிற்று. வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தாள். தான் விரும்பும் பாடங்களைச் சேர்த்துப் படிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார்கள். எந்தத் தொடக்கக் கல்லூரியில் படித்தாலும் இறுதியில் எழுதப்போவது அதே மேல்நிலைத் தேர்வுதான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும், அந்த ஆய்வுக்கூடத்தில் நின்றபோதுதான் அது மனத்தில் பதிந்தது. உணவங்காடியில் மீ கோரிங் நன்றாக இருந்தது என்று தாயார் சொன்னார். அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் பட்டியலை மீண்டும் எழுதினாள். முதல் விருப்பத்தை மாற்றவில்லை. மாற்றவும் தேவையில்லை. இடங்கள் புள்ளி வரிசையில் கொடுக்கப்படுவதால், கடினமான ஒன்றை முதலில் எழுதியதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால், தோழி எழுதினாள் என்பதற்காகச் சேர்த்திருந்த வணிகப் படிப்பை நீக்கினாள். வேதியியல் பிடிக்கும் என்பதால் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவு அறிவியல் படிப்பைச் சேர்த்தாள். ஒவ்வொரு பெயரையும் பார்த்து, “இது கிடைத்தால் மறுநாள் காலையில் எழுந்து போவேனா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். போகமாட்டேன் என்று தோன்றியவற்றை அழித்தாள். கடைசியில் பட்டியலில் ஒன்பது பெயர்கள் மிஞ்சின.

காத்திருக்கும் நாள்கள் எளிதாகக் கழியவில்லை. பொங்கலையொட்டி மாமா வீட்டில் உறவினர்கள் கூடினார்கள்.

“எந்தக் கல்லூரிம்மா?” என்று அத்தை கேட்டார்.

“இன்னும் முடிவு வரவில்லை, அத்தை.”

“அண்ணன் படித்த கல்லூரிதானே? உனக்குக் கிடைக்காமலா போகும்!”

அத்தை அன்பாகத்தான் சொன்னார். ஆனால், அதன் பிறகு அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை. அன்று இரவு அவள் யோசித்துப் பார்த்தாள். கல்லூரி கிடைக்காமல் போவதைவிட, கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லப்போகும் அந்த நிமிடத்தை நினைத்துத்தான் அதிகமாக அஞ்சுகிறோம் என்று தோன்றியது. அந்த நிமிடத்துக்காக ஏன் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும்?

வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தந்தையிடம் சென்றாள்.

“அப்பா, எனக்கு அந்தக் கல்லூரி கிடைக்காமல் போகலாம்.”

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

“வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே,” என்றார்.

அவள் தலை குனிந்து நின்றாள். இன்னும் சிறிது நேரம் கழித்து அவரே பேசினார்.

“சொன்னது என் அவசரம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது கல்லூரி எங்கே இருக்கிறது? எந்த ரயிலில் போகவேண்டும்?”

முடிவு வந்த பிறகு வீட்டில் சொல்வதைவிட, வருவதற்கு முன்பே சொல்வது கடினம். ஆனால், அப்படிச் சொன்னவர்கள் முடிவு வரும் நாளில் தனியாக இருப்பதில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் முடிவு வந்தது. அவள் விரும்பிய கல்லூரியின் வெட்டுப்புள்ளி அந்த ஆண்டு 8. அவளுக்கு இரண்டாவது விருப்பம் கிடைத்திருந்தது. இவ்வளவு முன்னேற்பாடு செய்திருந்தும் அவள் அழுதாள். அழுவதில் தவறில்லை. மூன்றாண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஒன்று போய்விட்டால் வருத்தம் வரத்தான் செய்யும். வருத்தம் பல நாள்கள் நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டால் பள்ளி ஆலோசகரிடமோ நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ பேச வேண்டும். அவளுக்கு அந்த நிலை வரவில்லை. அன்று மாலை அண்ணன் வாங்கி வந்த பரோட்டாவை மூன்று சாப்பிட்டாள்.

மேல்முறையீடு செய்யலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. செய்யலாம். ஆனால், காலி இடம் இருந்தால்தான் அதனால் பயன் உண்டு. மேல்முறையீட்டை நம்பி, கிடைத்த கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வாரப் பாடங்களை இழக்கிறார்கள். புதிய நண்பர்கள் அறிமுகமாகும் நாள்களையும் இழக்கிறார்கள். அவள் மேல்முறையீடு செய்யவில்லை.

மறுநாள் காலையில் உயர்நிலைப்பள்ளிச் சீருடையையே அணிந்துகொண்டு புறப்பட்டாள். கல்லூரி மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் வெவ்வேறு பள்ளிகளின் சீருடைகள். பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இது உனக்கு எத்தனையாவது விருப்பம்?”

“இரண்டாவது. உனக்கு?”

“ஏழாவது,” என்றாள் அவள். “இங்கே உணவங்காடி எந்தப் பக்கம் என்று தெரியுமா?”

“தெரியும். வா, காட்டுகிறேன்.”