மங்கித் தோன்றும் மாபெருமீன்

முன்னுரை

விண்மீன்களை அவற்றின் ஒளியைக் கொண்டு தரம் பிரித்தல் நெடுநாள் வழக்கமாகும். பளிச்சிடுவதைப் பெரிதென்றும் மங்கித் தோன்றுவதைச் சிறிதென்றும் கொள்வது கண்ணின் இயல்பு. இத்தீர்ப்பு எங்கும் பொருந்துமா என்பதைத் தென்வானத்து மங்கல்மீன் ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். ‘ஆர் டொராடஸ்’ என்பது அதன் பெயர்.

இருப்பிடமும் பெயரும்

தமிழர் அகத்திய மீன் என்றும் அரபியர் சுஹைல் என்றும் வழங்கும் ஒளிமிக்க விண்மீனுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 17 பாகை தள்ளி இது அமைந்துள்ளது. இஃது இடம்பெறும் டொராடோ என்னும் மீன்வடிவக் கூட்டம், 1595இல் கீழை நாடுகளுக்குக் கப்பலேறிய டச்சு மாலுமிகளின் வான்குறிப்புகளிலிருந்து உருவானது. ஒளிமாறும் மீன்களுக்கு இடும் எழுத்துகளுள் முதலாவது ‘ஆர்’ என்பதாகும்.

சனவரித் திங்களின் நடுவில், இரவு ஒன்பது மணியளவில், கன்னியாகுமரியில் நின்று தெற்கே நோக்கினால் அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் இது நிற்கும். எனினும் இதன் ஒளி வெறுங்கண் காணும் எல்லையை ஒட்டியே கூடிக் குறைகின்றது. ஆதலின், இருகண் தொலைநோக்கியின் துணையின்றி இதனைக் காண்டல் அரிது.

மங்கலின் காரணம்

முதுமையுற்று உப்பிச் சிவந்த விண்மீனைச் ‘சிவப்பு அரக்கன்’ என்பர். நாம் அதனைச் ‘செம்பெருமீன்’ எனக் குறிப்போம். ஆர் டொராடஸ் அவ்வகையினது. சூரியனின் பொருண்மையோடு ஒத்த பொருண்மை உடையதாயினும் இதன் விட்டம் சூரியனைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் இதனை வைத்தால் புதனும் வெள்ளியும் நம் பூமியும் இதனுள் அடங்கிவிடும்.

அத்துணைப் பெரிய மீன் மங்குவது ஏன்? இதன் புறப்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின் மட்டுமே. சூரியனுடையதில் பாதிக்கும் குறைவு. ஆகவே இதன் ஆற்றலின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகின்றது. எஞ்சிய ஒளியிலும் ஒரு பகுதியை இதன் வளிமண்டலத்திலுள்ள டைட்டேனியம் ஆக்சைடு மூலக்கூறுகள் விழுங்கிவிடுகின்றன. அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு வாய்த்திருப்பின், வானத்தின் மிகப் பிரகாசமான மீன்களுள் ஒன்றாக இது தோன்றும்.

அளந்த வரலாறு

விண்மீனொன்றின் தோற்ற விட்டத்தை 1920இல் மைக்கல்சனும் பீசும் முதன்முதலாக அளந்தனர். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் அவர்கள் அளந்தது திருவாதிரை மீன். ஒரு பாகையின் 3600 பங்குகளில் ஒன்று விகலை எனப்படும். திருவாதிரையின் விட்டம் விகலையின் ஆயிரத்தில் 47 பங்கெனக் கண்டனர். ஆர் டொராடஸோ அம்மலையிலிருந்து நோக்குவார்க்கு ஒருநாளும் உதிப்பதில்லை.

1997இல் டிம் பெடிங் தலைமையிலான குழுவினர், சிலி நாட்டின் லா சில்லா மலையிலுள்ள தொலைநோக்கியைக் கொண்டு ஆர் டொராடஸை அளந்த முடிவை வெளியிட்டனர். ஆயிரத்தில் 57 பங்கு! 25 மில்லிமீட்டர் நாணயத்தை 90 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் தோன்றும் அளவு அது. சூரியனை நீக்கினால், விண்மீன்களுள் மிகப்பெரிய வட்டாகத் தோன்றுவது இம்மங்கல்மீனே என்று அதனால் அறிந்தோம்.

அண்மை ஆய்வு

2023 சூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் சிலியின் அடகாமா பாலைவனத்து ‘ஆல்மா’ வானொலித் தொலைநோக்கித் தொகுதி இதன் புறப்பரப்பைப் படம்பிடித்தது. 2024இல் வெளியான அம்முடிவுகளின்படி, சூரியனைப்போல் 75 மடங்கு பெரிய வெப்ப வளிக் குமிழ்கள் அங்குக் கொதித்தெழுந்து, ஏறத்தாழ ஒரு திங்களில் அமிழ்கின்றன. எதிர்பார்த்ததினும் விரைவான இவ்வியக்கத்தின் காரணம் ஆய்வுக்குரியதாய் நிற்கின்றது.

சூரியனும் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் இவ்வாறே செம்பெருமீனாகும். எனவே, 180 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நாம் காண்பது நம் சூரியனின் முதுமைக் கோலமே எனலாம்.

முடிவுரை

நோக்கும் கருவியும் நிற்கும் இடமும் மாறியபோதுதான் இதன் பெருமை வெளிப்பட்டது. அதுவரை இது பட்டியலில் ஒரு மங்கிய புள்ளியாகவே கிடந்தது. வகுப்பறையின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவரை ஒரு தேர்வின் மதிப்பெண்ணால் மட்டும் அளந்து முடித்துவிடும்முன், ஆசிரியராகிய நாம் இம்மீனை எண்ணிப் பார்த்தல் நலம். மாணவர்களும் தெளிந்த சனவரி இரவொன்றில் அகத்திய மீனைக் கண்டு, அங்கிருந்து தென்மேற்கே இதனைத் தேடிக் காண்பார்களாக.