உண்ணிக் காய்ச்சலா? காப்பீட்டுப் பணம் கைவிட்டுப் போகாதிருக்க…

திருப்பூர் மாவட்டம் குண்டடம் பக்கம் காலையில் ஆடு மேய்த்துவிட்டு, பிறகு பனியன் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் உண்டு. அப்படி மேய்ச்சலுக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் நாள் கணக்கில் விடவில்லை என்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கே கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நோய் வந்தபின் தேடினால் அலைச்சல்தான். பங்களிப்பு நாட்கள் போதுமானால், டாக்டர் சான்றிதழுடன் ஓய்வு நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

தனியார் பாலிசியில் வழக்கமான சிக்கல், “பரிசோதனைக்காகத்தானே அட்மிட் ஆனீர்கள்” என்ற மறுப்பு. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் ‘காய்ச்சல்’ என்று இருந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை நாள் காய்ச்சல், பொருக்கு இருந்த இடம், ஐ.ஜி.எம். எலிசா ரத்தப் பரிசோதனை முடிவு, தட்டணுக்கள் எண்ணிக்கை, நரம்பு வழியே ஏற்றிய மருந்து, அட்மிட் செய்த காரணம் எல்லாம் அதில் இருக்கட்டும். புது பாலிசியில் முதல் 30 நாள் நோய்களுக்குப் பணம் வராது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி ஒரு மாதமாகியும் தீராவிட்டால் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் மனு போய்ச்சேர வேண்டும்.