‘மாசற்ற’ என்னும் சொல்

மாசற்ற நீர், மாசற்ற மனம், மாசற்ற கணக்கு என்று பெரியோர் கூறுவதைச் சங்க அங்கத்தினர் யாவரும் கேட்டிருப்பர். அச்சொல்லின் பொருளை அறிந்து வழங்குதல் நலம்.

மாசு என்பது தூசி, அழுக்கு, கறை, குற்றம் என்னும் பொருள்களைத் தரும். அற்ற என்பதற்கு இல்லாதொழிந்த என்பது பொருள். இவ்விரண்டும் சேருங்கால், மாசு என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டு மாசற்ற என்றாகும். இங்கு ஓர் எச்சரிக்கை. உற்ற என்பதற்கு அடைந்த என்பது பொருள். மாசு என்பதனோடு அது சேர்ந்தால் மாசுற்ற, அதாவது அழுக்கடைந்த, என்றாகிவிடும். ஓர் எழுத்து மாறினால் புகழ்ச்சி பழியாகும். தீர்மானப் புத்தகம் எழுதுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பெருக்கி மெழுகிய வீடு துப்புரவானது. அடித்தரை தெரியும் குளத்து நீர் தெளிவானது. ஆனால் தெளிந்த நீரெல்லாம் மாசற்ற நீர் அன்று. 1884-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி வெறுங் கண்ணுக்குப் புலப்படாது. நீரைக் கொதிக்க வைத்தால் மாய்ந்துவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் நீங்கியதே மாசற்றது எனப்படும்.

கணக்கிற்கும் இதுவே அளவுகோல். ரொக்கப் புத்தகம் அடித்தல் திருத்தலின்றி முத்துப் போன்ற எழுத்தில் இருக்கலாம். தவணை கட்டிய ஒருவருக்கு ரசீது கொடாமல், அத்தொகையும் பதியப்படாதிருப்பின், அது மாசுற்ற கணக்கேயாகும். தவறாக எழுதிய தொகையைச் சுரண்டி அழியாமல் கோடிட்டு, சரியான தொகையை மேலெழுதிக் கையொப்பமிட்டால், பார்வைக்கு அழகில்லையாயினும் அது மாசன்று. மறைத்ததே மாசு.

எழுத்தறியாத ஏழை அங்கத்தினர் செலுத்திய பணத்திற்கு ரசீதே சாட்சி. ஆகையால் ரசீது பெறாமல் எவரும் வீடு திரும்பலாகாது. படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டேனும் தம் பாஸ் புத்தகத்தை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். அது காரியதரிசியைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையுள்ள காரியதரிசிக்கு அதுவே காவல்.

பயிற்சி

1. மாசற்ற, மாசுற்ற: இவ்விரு சொற்களையும் பிரித்துப் பொருள் கூறுக.

2. தெளிந்த நீருக்கும் மாசற்ற நீருக்கும் உள்ள வேற்றுமை யாது?

3. சென்ற தவணைக்குரிய ரசீதை எடுத்து, பாஸ் புத்தகத்தில் அத்தொகை பதிந்துள்ளதா என்று பார்க்க.